கடைசி ஆள்

கயிற்றின் வால் எனக்கு.
எட்டுப் பேரில் நான் கடைசி.
கக்கத்தால் எடுத்து முதுகைச் சுற்றி
தோளுக்கு மேலால் விட்டு
குதிக்காலை மண்ணுக்குள் இறக்கிவிட்டால்
பிறகு நான் மனிசனில்லை.
"யோகதாசன் நிண்டால் பாலைக் கட்டை நிண்ட மாதிரி"
என்பார்கள் கழகத்தில்.

சித்திரைக்குப் பதினாறு நாள் இருந்தது.
பாண்டியன்குளத்தாரை இழுத்து விழுத்துவதென்று
போன வருசமே சபதம்.
பின்னேரம் ஐந்தரைக்கு
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
அரிவி வெட்டின வயலில் பயிற்சி.
எதிரே எங்கள் இளந்தாரிகள் எட்டுப் பேர்.

முதல்நாள் நெஞ்சு நொந்தபோது
எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.
இடது தோள்பட்டைக்குக் கீழே
புளியங்கொட்டை அளவு இரும்பு.
ஒன்பதாம் ஆண்டு மாசியில் குடிவந்தது,
வாடகையும் இல்லை, எழும்புறதும் இல்லை.
மாரிக்குக் குளிரும்.
பாரம் தூக்கினால் முனகும்.
மேலில் என்ன நோ வந்தாலும்
அந்த வாடகைக்காரன் என்றே வைத்துக்கொள்வேன்.
அவன் இருக்கிற வீட்டுக்குள்
வேறு கள்ளன் வருவானென்று ஆர் நினைத்தது?

இரண்டாம் நாளும் அதே இழுவையில்.
விட்டால் நிற்கும், பிடித்தால் தொடங்கும்.
தைலம் பூசினேன்.
சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது,
சரி, வாய்வு என்றேன்.
"ஏன் நெஞ்சைத் தடவுறியள்?" என்றாள் மனிசி.
"வாடகைக்காரன்."
அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள்
கேமதீபன் மூன்றாவது விசில் ஊதும்போது
ஆரோ என் நெஞ்சில் நெல்மூட்டை ஒன்றை
மெதுவாக, வலு கவனமாக, இறக்கி வைத்தான்.
குத்து இல்லை. வெட்டு இல்லை.
எனக்குத் தெரிந்த நோக்களெல்லாம்
சத்தம் போட்டு வந்தவை.
இது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.
தாடையில் பல்வலி மாதிரி ஒன்று.
வேர்வை, ஆனால் குளிர்ந்த வேர்வை.

கயிறு இறுகி நிற்கிறது.
முன்னால் ஏழு முதுகு.
நான் விட்டால் ஏழும் விழும்,
என்னுடைய பெயரும் விழும்.
இன்னும் ஒரு விசில் தாங்கலாம் என்று
ஒரு கணக்குப் பார்த்தேன் பாருங்கள்,
அந்தக் கணக்கைத்தான்
இப்பவும் மன்னிக்க முடியாமல் கிடக்கிறது.

விட்டேன்.

ஏழு பேர் முகங்குப்புற,
அங்கால் எட்டுப் பேர் மல்லாக்க,
வயல் முழுக்கச் சிரிப்பு.
"கட்டை பாறிட்டுது!"
ஒட்டுக்கு மேல் குந்தியிருந்து
"நெஞ்சு" என்றேன்.
அதற்குமேல் காற்று இல்லை.

முதலில் சிரிப்பை நிப்பாட்டியவன் நிறோசன்,
எதிர்ப்பக்கத்தின் கடைசி ஆள்,
இருபத்திரண்டு வயது.
"தண்ணியைக் குடிச்சிட்டு நடந்து பாருங்கோ"
என்றவர்களை ஏசினான்.
மோட்டார்சைக்கிளில் ஏற்ற வந்தவனைத் தள்ளினான்.
தன் முதுகை எனக்குச் சாரக் கொடுத்தபடி
அம்புலன்சுக்கு அடித்தான்.
அவனுடைய நெஞ்சு அடிக்கிறது
என் முதுகில் கேட்டது. ஒழுங்காக.

மல்லாவி ஆஸ்பத்திரியில்
ஈசிஜிக் கடதாசி கயிறு மாதிரி நீண்டு வந்தது.
ஓரிடத்தில் கோட்டை
ஆரோ மேலே இழுத்து வைத்திருந்தார்கள்.
"பழைய சன்னம், டொக்டர்."
"சன்னம் இருந்த இடத்திலயே இருக்கும் ஐயா.
இது இதயத்துக்குப் போற குழாய்.
எத்தினை நாளா நோகுது?"
"மூண்டு."
அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றை எழுதும்போது மட்டும்
பேனை கொஞ்சம் அழுத்தியது.

சித்திரையில் பாண்டியன்குளத்தார்தான் வென்றார்கள்.

இப்ப வால் நிறோசனிடம்,
விசில் என்னிடம்.
நேற்று இழுவை நடுவில்
நாலாவதாக நின்ற சிவகரன்
ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தடவினான்.
வேர்வை துடைத்தானோ, தெரியாது.
நீளமாக ஊதினேன்.
பதினாறு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு
என்னை ஏசினார்கள்.
ஏசட்டும்.
சிவகரனுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி
எங்க நோகுது, எப்ப துவங்கினது என்று
ஒவ்வொன்றாகக் கேட்டேன்.